பிபிசி மைக்ரோவுக்கு எந்தத் திரை: இலவச டிவியா, சதுர மானிட்டரா?

பிபிசி மைக்ரோ, ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட 8 பிட் வீட்டுக் கணினி. மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியே 1984-85இல் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. பின்னர் மொகாலியில் எஸ்சிஎல் நிறுவனம் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதையே தயாரித்தது. கணினி உழைக்கும் சாதி. பழைய மெஷின் கைக்குக் கிடைத்தவருக்குச் சிக்கல் திரையில்தான்.

இந்தக் கணினி நொடிக்கு 15,625 கோடுகள், 50 முறை என்று அக்காலத் தொலைக்காட்சியின் கணக்கில் படத்தை அனுப்புகிறது. விஜிஏ மானிட்டர்களோ ஏறத்தாழ அதன் இரு மடங்கு வேகத்தை எதிர்பார்ப்பவை. கேபிளை மட்டும் மாற்றிச் செருகினால் பெரும்பாலும் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்ற அறிவிப்போடு கதை முடிந்துவிடும்.

மாடல் பி-யின் பின்புறம் படத்துக்கு மூன்று வாய்கள் உண்டு. ஆன்டெனா வாய் யுஹெச்எஃப் 36ஆம் சேனலில் படம் தரும். மங்கலாகத்தான் இருக்கும், வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை மற்ற இரண்டும்: பிஎன்சி வாய், ஆறு பின் கொண்ட ஆர்ஜிபி வாய்.

பிஎன்சி-க்கு அரியலூர், பெரம்பலூர் பக்கம் எளிதில் அகப்படும் திரை, 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ண டிவி. தட்டை டிவி வந்த வீடுகளில் இது பரணுக்குப் போயிருக்கும். பின்னால் மஞ்சள் நிற ஏவி துளை இருந்தால் போதும். சிசிடிவி மாட்டுபவர்கள் பயன்படுத்தும் பிஎன்சி-ஆர்சிஏ கனெக்டர் ஒன்று வேலையை முடித்துவிடும். மாற்றம் செய்யாத கணினி இந்த வாயில் கறுப்பு வெள்ளைப் படத்தையே தரும். அதுவும் நல்லதற்கே: வண்ணச் சிக்னல் கலக்காததால் எழுத்தின் ஓரம் பிசிறடிப்பதில்லை.

கணினியை இயக்கியதும் வரும் 40 எழுத்து வரிகொண்ட மோட் 7, இந்த டிவியில் கண்ணுக்கு இதமாகவே இருக்கிறது. மேல் வரி சட்டத்துக்குள் ஒளிந்தால் ‘*டிவி 255’ என்று தட்டி மோடை மாற்ற வேண்டும். படம் ஒரு வரி கீழே இறங்கும். 80 எழுத்து மோட் 0-வில்தான் டிவி கைவிரிக்கிறது. அதன் நுண்கோடுகளுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். டிவி தாங்குவதோ 5 வரைதான். எழுத்துகள் கஞ்சியாகிவிடும்.

சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் ஆலையும் உள்ள ஊரில் பிக்சர் டியூப் செட்டுக்குத் தூசி பெரிய எதிரி. உயர் மின்னழுத்தம் தூசியை இழுக்கும்; ஐப்பசி ஈரம் சேர்ந்தால் உள்ளே ‘சட்சட்’ என்று பொறி தெறிக்கும். அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் துடைக்கும் வேலை மெக்கானிக்குடையது. ஏவி துளையே இல்லாத செட்டைத் திறந்து உள்ளே வயர் பற்றவைப்பது கூடவே கூடாது. அத்தகைய பலவற்றில் சேசிஸ் நேரே மெயின் லைனோடு தொடர்புள்ளது; 230 வோல்ட் கணினிக்குள் ஏறிவிடும்.

80 எழுத்தும் எட்டு நிறமும் வேண்டுவோருக்கு ஆர்ஜிபி வாய். அதன் சிக்னலை மானிட்டருக்கு ஏற்ப மாற்ற ஒரு போர்டு வேண்டும். மலிவான ஜிபிஎஸ் 8200 போர்டு இங்கே அரைகுறை: அது 0.7 வோல்ட் சிக்னலை எதிர்பார்ப்பதால் ரெசிஸ்டர் வைத்துக் குறைக்க வேண்டும், அப்படியும் கோடுகள் நடுங்கும். ராஸ்பெரி பை ஜீரோவில் இயங்கும் ‘ஆர்ஜிபி டு ஹெச்டிஎம்ஐ’ போர்டு ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே படித்தெடுத்து அனுப்புகிறது.

அதற்குப் பொருத்தமான திரை, அலுவலகங்கள் கழித்துவிட்ட 17 அங்குலச் சதுர எல்சிடி. அதன் அளவு 1280×1024. மோட் 0-வின் 640×256-ஐ அகலத்தில் இரண்டாலும் உயரத்தில் நான்காலும் பெருக்கினால் மிச்சமில்லாமல் அதுதான் வருகிறது. பிபிசி பேசிக் வரைபடத்துக்கு வைத்திருக்கும் ஆயத்தளமும் 1280×1024 என்பதால், அதில் போடும் வட்டம் முட்டையாகாமல் வட்டமாகவே விழுகிறது. அகலத்திரை டிவியில் இந்தப் பொருத்தம் கிடைக்காது.

வாங்கும்போது டிவிஐ வாய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மினி ஹெச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் போதும். 50 ஹெர்ட்ஸை ஏற்காத மாடலில் திரை 60-இல் ஓடும், நகரும் படம் லேசாகத் துள்ளும். புரோகிராம் எழுதுபவருக்கு அது பொருட்டல்ல. விளையாட்டு மட்டும் போதும் என்பவர் இலவச டிவியையே வைத்துக்கொள்ளலாம். எல்சிடி வழக்கமாக 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். ஸ்டெபிலைசர் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதைக் கணினிக்கே கொடுக்க வேண்டும்.