காத்திருக்கும் கணிப்பொறி

மேடையில் வாசித்ததை அங்கேயே பதிந்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் அடுத்ததை அடுக்க உதவும் மென்பொருள் ‘ஏபிள்டன் லைவ்’. 2001-இல் பெர்லினில் பிறந்தது. நீங்கள் விசையை எப்போது அழுத்தினாலும், அடுத்த தாளச் சுற்று தொடங்கும்போதுதான் அந்தத் துண்டு ஒலிக்கும். நிமிடத்திற்கு 120 தட்டு, சுற்றுக்கு 4 தட்டு எனில் ஒரு சுற்று 2 வினாடி. உங்கள் அவசரம் அவையோருக்குத் தெரியாது.

1973-இல் ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் வெளியிட்ட இசைத்தட்டில் இவ்வேலையைச் செய்தவை இரண்டு ஒலிநாடாக் கருவிகள். முதற்கருவி பதிந்த நாடா இரண்டாவதில் ஒலிக்கும். அவ்வொலி மீண்டும் முதலாவதில் பதியும். நாடாவின் வேகம் வினாடிக்கு 19 செ.மீ., இடைவெளி 95 செ.மீ. என்று கொள்ளுங்கள். பிசகிய சுரமும் 5 வினாடிக்கு ஒருமுறை, சற்றே மங்கித் திரும்பி வரும். அதை இசையோடு இணைப்பது வாசிப்பவர் பொறுப்பு. அந்தப் பதற்றத்தை மென்பொருள் பறித்துவிட்டது என்பதே என் குறை. காத்திருப்பை நிறுத்திவைக்கவும் அதில் வழியுண்டு. நிறுத்திவிட்டு வாசிப்பவரையே நான் ஆவலோடு கேட்பேன்.