தனியே போனவரைப் படம் பிடித்தது யார்?

யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியிலிருந்து குருநாகல், புத்தளம் போகும் ஏ-10 பிரிவது கட்டுகஸ்தோட்டையில்தான். வடக்கிலிருந்தோ புத்தளம் பக்கமிருந்தோ மோட்டார் சைக்கிளில் கண்டிக்கு வருபவர் இந்தச் சந்தியைத் தொடாமல் நகருக்குள் நுழைவது கடினம். ஆனாலும் யூடியூபில் ஓடும் தனிப்பயணக் காணொளிகளில் கட்டுகஸ்தோட்டையைக் காண்பது அரிது. மாத்தளைப் பக்கத்து மலைச்சாரல் தெரியும். அடுத்த கணம் கண்டி வாவி வந்துவிடும். மகாவலிப் பாலத்தடியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே முதல் கியரில் நகர்ந்த நேரம் காணாமற் போயிருக்கும். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. எல்லாவற்றையும் காட்டும் படத்தை எவர் உட்கார்ந்து பார்ப்பார்? அப்படியானால் இந்தக் காணொளிகளில் பொய் என்று எதைச் சொல்வது?

இந்தக் கேள்வி யூடியூபை விட மூத்தது. ரொபர்ட் எடிசன் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர் 1932இல் லண்டனிலிருந்து டக்ளஸ் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, டோக்கியோவைத் தொட்டு, 1933 இறுதியில் நாடு திரும்பினார். திரைப்படக் கமராவையும் கூடவே கொண்டுபோனார். ஒரு விருந்தில் அவர் விட்ட சவடாலைக் கேட்டு, அதே மேசையில் இருந்த டக்ளஸ் நிறுவனத்தவர் வண்டி தர முன்வந்ததில் தொடங்கிய பயணம் அது. 1973இல் கிளம்பி நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றிய டெட் சைமனுக்கு லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை துணை நின்றது. அனுசரணை இத்துறைக்குள் நேற்று நுழைந்ததல்ல. இருவருமே அதை மறைக்கவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்-பிரான்ஸ் டோட்வில்லின் கதை வேறு. 1972இல் பரிஸிலிருந்து ஈரானின் இஸ்பஹானுக்குப் போன குழுப் பயணத்தில் அவரும் ஓட்டினார். திரும்பி வந்ததும், அவர் ஓட்டவேயில்லை, வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார் என்று கதை கட்டினார்கள். அடுத்த ஆண்டே 125 சிசி கவாசாகி ஒன்றில் தன்னந்தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். இன்றும் ‘கூட யாரோ வருகிறார்’ என்ற சந்தேகம் தனியே ஓட்டும் பெண்களைத்தான் முதலில் துரத்துகிறது. ஆண் ஓட்டுநரிடம் அவ்வளவு ஆதாரம் கேட்பாரில்லை.

2004இல் வந்த ‘லோங் வே ரவுண்ட்’ தொடரைப் பலர் இந்தக் காணொளிகளின் தாய் என்பார்கள். நடிகர் யூவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயோர்க் வரை போனார்கள். கமராக்காரர் கிளோடியோ வொன் பிளான்டா மூன்றாவது வண்டியில் வந்தார். உதவி வாகனங்களும் இருந்தன. அவையெல்லாம் படத்துக்குள்ளேயே தெரிந்தன. உதவிக் குழுவோடு போனவர்களை அதற்காக யாரும் மோசடிக்காரர் என்று அழைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் தனிமையை விற்கவில்லை.

தனிமையை விற்பவர்களிடம்தான் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்துப் புவிச்சரிதவியலாளர் நொராலி ஸ்கூன்மேக்கர் வேலையை விட்டு 2018இல் இந்தியாவிலிருந்து ரோயல் என்ஃபீல்ட் வண்டியில் புறப்பட்டார். அவருடைய ‘இட்சி பூட்ஸ்’ சனல் இவ்வகைக்கு இன்று முன்மாதிரி. தனியாகப் போகும் ஒருவர் தூரத்தில் வந்து கடந்து போகும் காட்சி எப்படிக் கிடைக்கிறது? வளைவில் கமராவை நிறுத்திவிட்டு, அதைக் கடந்து ஓட்டி, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி புறப்பட வேண்டும். அந்தத் துண்டு வீதியை மூன்று முறையாவது ஓட்டியாக வேண்டும். மஹியங்கனை இறக்கத்துப் பதினெட்டு வளைவில், எதிரே பஸ் வரும்போது இதைச் செய்து பார்த்தவருக்கு அந்த ஐந்து விநாடியின் விலை தெரியும். அது நடிப்புத்தான். ஆனால் அந்த நடிப்பைச் செய்தவரும் தனியாகவே நின்றார். என் கணக்கில் இது பொய்யில் சேராது.

பார்ப்பவர் ஏமாறுவதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். 360 பாகைக் கமராவில் முதுகோடு முதுகாக இரண்டு வில்லைகள் இருக்கும். இரண்டு படங்களையும் ஒட்டும் இடத்தில் தாங்குதடி மறைந்துவிடுவதால், பக்கத்தில் இன்னொருவர் பறந்துகொண்டே படம் பிடித்தது போலத் தெரியும். கூட ஆள் இருக்கிறது என்று சந்தேகிக்கப்படும் காட்சிகளில் பல இந்தத் தடியின் வேலைதான். ட்ரோன் விஷயத்தில் நான் அவ்வளவு தாராளமாக இருக்கமாட்டேன். இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் சில காலம் அது அடியோடு தடைப்பட்டிருந்தது. மின்கம்பியும் மரக்கிளையும் பின்னிக் கிடக்கும் மலைப்பாதையில் ஓட்டுநரை நெருங்கித் தொடரும் ட்ரோன் காட்சி நீளமாக வந்தால், வீதியோரத்தில் இன்னொருவர் கையில் கட்டுப்பாட்டுக் கருவி இருந்திருக்கலாம் என்று எண்ணுவதில் தவறில்லை.

தமிழில் ஓடும் பைக் காணொளிகளில் ஒரு பகுதிக்கு இந்தச் சோதனையே வேண்டாம். 2023 செப்டெம்பரில் காஞ்சிபுரம் பாலுசெட்டி சத்திரத்தருகே யூடியூபர் டிடிஎஃப் வாசன் முன்சில்லைத் தூக்கப் போய் விழுந்து, கைதாகி, பத்து ஆண்டுகளுக்கு ஓட்டுநர் உரிமத்தை இழந்தார். வேகப் படங்களின் சிக்கல் அவை பொய் என்பதல்ல, அத்தனையும் உண்மை என்பதுதான்.

பயணப் படத்தில் காலமே பெரிய ஏமாற்றுக்காரன். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அந்த நாட்களில் எடுத்ததாகச் சொல்லும் படத்தில் ஒருவர் தீவையே சுற்றிவருகிறார், ஆனால் ஒரு வரிசைகூட இல்லை என்றால், பெற்றோல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். உல்லாசப் பயணிகளுக்குத் தனி எரிபொருள் அட்டை கொடுக்கப்பட்டது; அப்படிக் கிடைத்ததைச் சொல்லியிருந்தால் அதுவே ஒரு நல்ல காட்சியாகியிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டு வீதிகள் பலவற்றைச் சரித்தது. அதற்கு முன் எடுத்த படத்தைத் திகதியில்லாமல் பின்னர் ஏற்றினால், அதைப் பார்த்து வண்டியெடுப்பவர் சரிந்த வீதியில் போய் நிற்பார். சட்டத்தில் குற்றமில்லாமல் இருக்கலாம். படத்தை நம்பி வந்தவருக்கு அது மோசம்.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது விருந்தோம்பல் காட்சி. முன்பின் தெரியாத வீட்டின் கதவை ஓட்டுநர் தட்டுகிறார். அம்மா ஒருவர் கதவைத் திறந்து, மழை வருகிறது உள்ளே வாருங்கள் என்கிறார். கமரா இருப்பதோ வீட்டுக்குள்ளே! கதவு திறப்பதற்கு முன்பே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. தேயிலை மலையிலும் இதே கதைதான். கொழுந்து பறிக்கும் பெண் ‘தற்செயலாக’ எதிர்ப்படுவார், சிரிப்பார், பிறகு இன்னொரு கோணத்திலும் அதே சிரிப்பைச் சிரிப்பார். நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் கூலி வாங்குபவருக்கு, இரண்டாம் முறை நடந்து வருவது கூடையில் குறையும் கொழுந்து. அவருக்குக் காசு கொடுத்திருந்தால் அது நியாயம். கொடுத்ததை வெட்டிவிட்டு நட்பாகக் காட்டுவதைத்தான் நான் பொய் என்பேன்.

அனுசரணை வாங்கிய படமெல்லாம் பொய் என்ற முடிவுக்கு வருபவர்கள் ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்தைப் பார்க்கலாம். பேசில் ரைட் 1934இல் இயக்கிய அந்தப் படத்துக்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. லயனல் வென்ட்டின் குரலில் வரும் வர்ணனை, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தது. இரண்டரை நூற்றாண்டு பழைய சொல்லைப் புதுப் படத்தின் மேல் ஒட்டிய வேலை அது. ஆயினும் தேயிலை வரும் பகுதியில் சந்தை விலை பேசும் குரல்களைக் காட்சியின் மேல் ஓடவிட்டு, பணம் தந்தவரின் வணிகத்தையே பார்வையாளர் முன் வைத்தார் ரைட். ஒட்டியது தெரியும்படி ஒட்டினால் ஒட்டுவேலையும் உண்மை பேசும்.

கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கமராவோடு கிளம்பும் இளைஞர்களிடம் கேட்பது அதிகமில்லை. படம் எடுத்த திகதியைத் திரையில் போடுங்கள். வண்டி யாருடையது, பெற்றோலுக்கு யார் காசு தந்தார் என்பதைச் சொல்லுங்கள். ட்ரோன் பிடித்த நண்பர் இருந்தால் அவர் பெயரையும் கடைசியில் சேருங்கள். கொழுந்து மலையில் யாரையாவது மறுபடி நடந்து வரச் சொன்னால், அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். கொடுத்ததைப் படத்திலும் விடுங்கள்.