மண்ணின் இரைச்சலும் செம்பின் குரலும்

மெட்டல் டிடெக்டர் விற்பவர்கள் எடுத்த எடுப்பில் ஆழத்தைத்தான் சொல்வார்கள். ஒரு அடி எடுக்கும், ஒன்றரை அடி எடுக்கும், தங்கத்தைத் தனியாகக் காட்டும் என்று அடுக்குவார்கள். பல வருடம் விட்டுவிட்டு மறுபடியும் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்திருக்கும் நான் ஆழத்தைக் கடைசியில்தான் விசாரிக்கிறேன். கீழே கிடப்பது இரும்பா செம்பா, தனியாகக் கிடக்கிறதா ஆணியோடு ஒட்டிக் கிடக்கிறதா, தோண்டலாமா விட்டுவிடலாமா என்பதை மண்வெட்டி படுவதற்கு முன்பே எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவுதான் ஒரு கருவியின் தரம். அதைச் சொல்ல அது முதலில் மண்ணை அறிந்திருக்க வேண்டும். அதுவும் நம் மண்ணை.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கும் வல்லம் பக்கத்துக்காரருக்கு மண்ணில் வகைக்குக் குறைவில்லை. மேட்டில் செம்மண் கொல்லை. ஏரிக்குக் கீழே களி ஏறிய கழனி. பஸ் ஏறிக் கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளமும், அலை ஒதுக்கிவிட்டுப் போன கருமணல் கோடு ஓடும் கடற்கரையும். இந்த மூன்றும் கருவியை மூன்று விதமாகச் சோதிக்கும். இங்கிலாந்துப் புல்வெளியில் சோதித்துப் போட்ட மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கருவியின் அடியில் இருக்கும் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். அதைத்தான் காயில் என்கிறோம். ஒரு சுருள், விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். வழியில் ஓர் உலோகத் துண்டு இருந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு புலத்தை எழுப்ப, இன்னொரு சுருள் அதைக் கேட்கும். பதில் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. கனமான வெள்ளி, செம்பின் பதில் நன்றாகப் பின்தங்கும். மெல்லிய அலுமினியத் தாளுடையதும் சின்னப் பொன் துண்டினுடையதும் அவ்வளவு பின்தங்காது. இரும்பு தனிக் கோஷ்டி. இந்தப் பின்தங்கலைத்தான் கருவி எண்ணாகத் திரையிலும் சுருதியாகக் காதிலும் தருகிறது.

செம்மண்ணுக்கு அந்தச் சிவப்பைக் கொடுப்பதே இரும்பு ஆக்சைடு. அதில் காந்தத்தன்மை உள்ள மேக்னடைட், மேக்ஹெமைட் துகள்களும் கலந்திருந்தால், உலோகமே இல்லாத இடத்திலும் மண் பதில் சொல்லும். ஆகவே கிரவுண்ட் பேலன்ஸ் என்கிற வசதியை நான் முதலில் பார்ப்பேன். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, மண்ணின் குரல் அடங்கும் வரை சரிசெய்வது. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இந்த அளவைத் தொழிற்சாலையிலேயே பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றுதான் முன்பு என்னிடம் இருந்தது. செம்மண் கொல்லையில் அது ஓயாமல் கத்தும். அடக்க வேண்டுமென்றால் சென்சிட்டிவிட்டியைக் குறைக்க வேண்டும். குறைத்தால் நாலு விரற்கடைக்குக் கீழே இருப்பது கேட்காது. "என்னாப்பா இது, சும்மா கத்திக்கிட்டே கெடக்குது?" என்று கொல்லைக்காரப் பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி.

இந்தத் தொல்லைக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டைக் கண்டுபிடிக்க டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சமன்படுத்திய ஒரு கருவியோடு வெள்ளை மாளிகைக்குப் போனார். சோதனைச் சாலையில் வேலை செய்த கருவி அங்கே குழம்பியது. படுக்கைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன; தலைமை மருத்துவரோ வலப்பக்கம் மட்டும்தான் தேட விட்டார், குண்டு கிடந்தது இடப்பக்கம். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்துபோனார். கருவியின் திறமையைவிட அது நிற்கும் இடத்தின் இரைச்சல் எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிய வைத்த கதை இது. பெல்லின் படுக்கைக் கம்பிதான் எங்கள் ஊரில் செம்மண்.

இந்தக் கருவியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி. இரண்டாம் உலகப் போரில் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தபோது, ஒரு சிப்பாய் கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை வடிவமைத்தார். காப்புரிமை கேட்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே கொடுத்துவிட்டார். 1942-ல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் அவை ஐந்நூறு வரை வேலை செய்தன. நீளத் தண்டு, நுனியில் தட்டு, காதில் ஹெட்போன், தரையை ஒட்டிய வீச்சு. இன்று கடையில் விற்பதும் அதே உருவம்தான்.

உள்ளே இருப்பதுதான் மாறிவிட்டது. நான் விட்டுப் போனபோது இருந்த இரண்டு நல்ல பெயர்கள் இப்போது இல்லை. அரிசோனாவின் டெசோரோ மூடிவிட்டது. 1950-லிருந்து கருவி செய்துவந்த ஒயிட்ஸ் 2020-ல் கதவைச் சாத்தியது. டெசோரோக்காரர்களின் ஒலியை இன்றைக்கும் சிலாகிப்பவர்கள் உண்டு. திரையே இருக்காது, எண்ணே வராது. ஒரே ஒரு பீப் ஒலி. ஆனால் அந்த ஒலியின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா கலைந்திருக்கிறதா என்பதிலேயே பழகிய காது பாதியைச் சொல்லிவிடும். சந்தையில் பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிக் காது வைப்பது மாதிரியான படிப்பு அது. திரையில் வரும் எண்ணை நம்பிக் காதைக் கைவிட்டவர்கள் இந்தப் படிப்பைக் கற்காமலே போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

புதிய கருவிகளின் பெரிய வரவு, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்புவது. முன்பெல்லாம் ஒரு கருவிக்கு ஓர் அதிர்வெண். காரெட் ஏஸ் 250 என்றால் 6.5 கிலோஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் பெரிய செம்பு, வெள்ளித் துண்டுகளை நன்றாகக் கேட்கும். பொடிப் பொன்னுக்கு உயர்ந்த அதிர்வெண் வேண்டும். நம் ஊரில் மண்ணில் தொலைவது என்ன என்று நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். நாற்று நடும்போது கழன்ற வெள்ளிக் கொலுசு, மெட்டி. மல்லாட்டை பிடுங்கும்போது விழுந்த தோட்டுத் திருகு, மூக்குத்தி, தாலிக் குண்டு. கொலுசு தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே தெளிவாகப் பேசும். திருகு 22 கேரட் பொன்னாகவே இருந்தாலும் அளவில் பொடி, அதன் பதில் மாத்திரை அட்டைத் தாளின் பதில் விழும் பக்கத்திலேயே போய் விழும். இரண்டையும் ஒரே நடையில் கேட்க வேண்டுமானால் ஒற்றை அதிர்வெண் போதாது.

ஈர உப்பு மணலிலும் பல அதிர்வெண்தான் கைகொடுக்கும். உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்துவதால் மரக்காணம் கரையில் ஒற்றை அதிர்வெண் கருவி தடுமாறும். புலத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகைக் கருவி உப்பையும் கருமணலையும் பொருட்படுத்தாமல் ஆழம் போகும். ஆனால் அதற்கு இரும்பையும் பொன்னையும் நம்பிப் பிரிக்கத் தெரியாது. கத்தின இடமெல்லாம் தோண்ட வேண்டும். ஆளில்லாக் கடற்கரைக்கு அது சரி. கொல்லைக்கு ஆகாது.

ஏன் ஆகாது என்றால், எங்கள் பக்கத்துக் கொல்லையில் முக்கால்வாசி இரும்பு. மாட்டு வண்டி ஓடிய பழைய பாதையென்றால் லாடமும் லாட ஆணியும் எவ்வளவு கிடக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. அதற்கு மேல் டிராக்டர் போல்ட், கலப்பைத் துண்டு, சோடா மூடி, பாக்குப் பொட்டலத் தாள். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு திருகைக் கேட்பதுதான் கலை. இரும்பின் குரல் கட்டையாக, உடைந்து வரும். ஆணி என்றால் ஒரு பக்கமிருந்து வீசும்போது நன்றாகக் கேட்கும். தொண்ணூறு டிகிரி சுற்றி நின்று வீசினால் தேய்ந்தோ உடைந்தோ போகும். காசும் மோதிரமும் எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் ஒரே மாதிரி சொல்லும். ஏமாற்றுவது வட்ட இரும்புதான். வாஷர், வளையம், சோடா மூடி எல்லாம் செம்பு மாதிரியே உயர்ந்த சுருதியில் பேசும். அப்போது காயிலின் நடுவை விலக்கி விளிம்பால் மெல்லத் தொட்டால், உள்ளே ஒளிந்திருந்த கட்டைக் குரல் வெளியே வரும். இந்தச் சின்ன உரசலைக் காட்டும் கருவியைத்தான் நான் நல்ல கருவி என்பேன். இரும்பை அடியோடு ஊமையாக்கும் வசதியைப் பலர் விரும்புகிறார்கள். நான் அதை அணைத்து வைத்திருப்பேன். இரும்பையும் கேட்டுக்கொண்டே நடந்தால்தான் அதன் நடுவிலிருந்து எழும் நல்ல குரல் தனியாகத் தெரியும்.

காயில் விஷயத்திலும் பெரியதே உசத்தி என்று ஒரு நம்பிக்கை. பதினோரு அங்குலக் காயில் ஒரே வீச்சில் மூன்று ஆணியையும் ஒரு காசையும் சேர்த்துக் கேட்டு ஒன்றையும் உருப்படியாகச் சொல்லாது. ஆறு அங்குலக் காயில் ஆழத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பிரிப்பதில் கெட்டி. சுருள் அமைப்பைப் பொறுத்தவரை, ஒரே மையத்தில் வட்டமாகச் சுற்றியது கூம்பாகக் கேட்கும். இடத்தைத் துல்லியமாகக் காட்டும், ஆனால் மண்ணையும் நிறையக் கேட்கும். இரண்டு டி எழுத்தை முதுகோடு முதுகாக வைத்தது போன்ற டபுள் டி, நடுக்கோட்டில் கத்தி விளிம்பு அளவுக்கே கேட்கும். செம்மண்ணுக்கு இதுதான்.

இந்தக் கேள்விஞானத்தின் உச்சம் யாரிடம் என்று கேட்டால், யாழ்ப்பாணக் குடாநாட்டு முகமாலையிலும் வன்னியிலும் கண்ணிவெடி அகற்றும் தமிழ்ப் பெண்களைச் சொல்வேன். ஹாலோ டிரஸ்ட், மேக் போன்ற அமைப்புகளில் அவர்கள் வேலை செய்கிறார்கள். குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள் அவர்களில் பலர். பிளாஸ்டிக் உடல் கொண்ட கண்ணிவெடிக்குள் உலோகம் என்பது ஒரு பொடித் துண்டுதான். அந்த முணுமுணுப்பை அவர்கள் ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாது. வேலை தொடங்குமுன் தெரிந்த ஒரு துண்டை வைத்துக் கருவியைச் சோதிப்பார்கள். சிக்னல் வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் மெல்ல மண்ணை எடுத்து வருவார்கள். பொழுதுபோக்குக்காரர்கள் இந்த இரண்டு ஒழுங்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் தோண்டினால் கீறல் விழாமல் பொருள் வரும்.

கருவியை எங்கே எடுத்துப் போகலாம் என்பதும் தேர்வில் அடக்கம். செஞ்சிக் கோட்டை வெகு தூரமில்லை. 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று படைகள் வந்து போன மண். 2025-ல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே டிடெக்டரோடு போகும் எண்ணமே கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றிக் கட்டடம் கட்டுவதற்கே 100 மீட்டர் தடை, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாடு என்பது சட்டம். நம் சொந்தக் கொல்லையிலேயே என்றாலும், மண்ணில் மறைந்திருந்து பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் கிடைப்பதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம் சொல்கிறது.

பழங்காசு ஆசை எனக்கும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ நாணயச் சாலையில் அடித்த 1808-ம் வருடத்துப் பத்துக் காசும் இருபது காசும், ஒரு பக்கம் சேவலும் மறு பக்கம் தமிழில் புதுச்சேரி என்ற பெயருமாக 1836-ல் வந்த பிரெஞ்சுக்காரர் துட்டும் இந்த வட்டாரத்தில் கை மாறிய செம்புகள். அந்தக் கம்பெனிக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் கெண்ட் கரையோரம் மணல் திட்டில் மூழ்கியது. நம் ஊர்க் கடைகளுக்கு வர வேண்டிய சில்லறை அங்கே கடலடியில் கிடந்தது. ஆனால் காசின் பெருமை கிடைத்த இடத்தோடு சேர்ந்தது. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்று மணலில் கிடைத்த சங்ககால மலையமான் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டபோது, குதிரையும் மலையும் ஆறும் பொறித்த அந்தச் சிறு செம்புகள் ஒரு குறுநில மரபின் சான்றாயின. எந்த ஆற்றில் கிடைத்தது என்ற செய்தி தொலைந்திருந்தால் அவற்றின் எடைக்குச் செம்பு விலைதான். கிடைத்த இடத்தில் நின்று கைப்பேசியில் இருப்பிடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்வது, ஆகையால், எந்தக் கருவியோடும் சேர்த்து வாங்க வேண்டிய பழக்கம்.

எல்லாம் பார்த்து நான் தேர்ந்தெடுத்தது 2018-ல் மைன்லேப் கொண்டுவந்த ஈக்வினாக்ஸ் வரிசையில் 800, ஒருவர் கையிலிருந்து பழையதாக. பல அதிர்வெண்ணும் உண்டு, பொடிப் பொன்னுக்கு 40 கிலோஹெர்ட்ஸ் தனியாகவும் உண்டு. கிரவுண்ட் பேலன்ஸ் என் கையில். எடை 1.34 கிலோ, தோள் வலிக்காமல் ஒரு கொல்லையை முடிக்கலாம். இதைவிட இலேசானது பிரான்சின் எக்ஸ்பி டியூஸ், ஒரு கிலோவுக்கும் கீழே, விலை ஒத்துவரவில்லை. ஆறு அங்குலக் காயிலும், குழிக்குள் விட்டுப் பார்க்கும் கைக்கருவி ஒன்றும் தனியாக வாங்கினேன். பங்குனியில் மல்லாட்டை பிடுங்கியதும் மண் இளகிக் கிடக்கும்போது பக்கத்துக் கொல்லை அத்தையின் ஒற்றைத் தோட்டைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். தொலைந்தது கிழக்கு வரப்போரம் என்கிறார். அதுவரை வீட்டுக் கொல்லையில் நாலு விரற்கடை ஆழத்தில் ஒரு திருகையும் அதன் பக்கத்திலேயே ஒரு லாட ஆணியையும் புதைத்து வைத்து, எந்தப் பக்கமிருந்து வீசினால் எது முதலில் கேட்கிறது என்று பார்த்துவருகிறேன்.