காலி செய்த இடத்தில் ஓர் எண்

லினக்ஸ் நினைவக மேலாண்மையில் எது சுவாரஸ்யம் என்றால் பலரும் ஓஓஎம் கில்லரைச் சொல்வார்கள். எந்த ப்ராசஸின் தலை உருளும் என்ற நாடகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது எல்லாம் கைமீறிய பிறகு வரும் காட்சி. என் மனசு வொர்க்கிங்செட் என்ற ஒரே கோப்பில்தான் நிற்கிறது. ஜோஹானஸ் வைனர் எழுதியது, 2014இல், 3.15 கர்னலில் சேர்ந்தது.

நெருக்கடியில் ஒரு பக்கம் கேஷை விட்டுப் போகிறது. அதன் பாயிண்டர் இருந்த இடத்தை வைனர் சும்மா விடவில்லை. இன்ஆக்டிவ் பட்டியலை விட்டு அதுவரை எத்தனை பக்கங்கள் நீங்கின என்ற கணக்கை அங்கேயே எழுதி வைத்தார். வீட்டைக் காலி செய்தவர் சுவரில் தேதியைக் கிறுக்கிவிட்டுப் போன மாதிரி. அங்கே இருப்பது பாயிண்டரா, எண்ணா? கடைசி பிட்டே சொல்லிவிடும். பக்கம் திரும்பி வந்தால் ஒரே ஒரு கழித்தல். இன்னும் எவ்வளவு இடம் இருந்திருந்தால் அது போயே இருக்காது என்று தெரிந்துவிடும். அந்த எண் ஆக்டிவ் பட்டியலின் நீளத்துக்குள் அடங்கினால், வந்த பக்கத்துக்கு நேரே அங்கேயே இடம். எத்தனை சிக்கனம்!

ஸ்வாப்பினஸ் 60 என்பதைத் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அது சதவீதம் அல்ல. 2020இல் வந்த 5.8 முதல் உச்சம் 200. ஆக ஸ்வாப்புக்குப் போகும் பக்கங்களுக்கு 60 என்றால், கோப்புப் பக்கங்களுக்கு 140. அதுவும் தொடக்கச் சாய்வுதான். எந்த வகைப் பக்கங்கள் அதிகம் திரும்பி வந்து செலவு வைக்கின்றனவோ, அவற்றின் மேல் அழுத்தம் தானாகக் குறையும்.

யூ ஜாவோவின் எம்ஜிஎல்ஆர்யூதான் இனி எல்லாம் என்கிறார்கள் இளைஞர்கள். வேகத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 6.1இல் வந்த அதுவும், பக்கத்தை வெளியேற்றிய இடத்தில் குறிப்பு எழுதித்தான் வைக்கிறது.

மெல் கோர்மனின் 2004 புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூலநிரலை வரிவரியாகப் படித்த காலம் போய்விட்டது. இப்போது எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சிஸ்கண்ட்ரோல் வரிகள். மணிக்கொரு முறை கிரானில் டிராப் கேஷஸ். கேஷோடு அந்த எண்களும் துடைக்கப்படுகின்றன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? குபெர்னெட்டிஸின் குப்லெட்டோ, இயல்பாக விட்டால், ஸ்வாப் இருக்கும் எந்திரத்தில் தொடங்கவே மறுக்கும். ஸ்வாப் இல்லையென்றால், கோப்போடு சேராத அனான் பக்கங்களுக்குப் போக்கிடம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோட் பக்கங்கள்தான் அடி வாங்கும்.

எதையும் மாற்றுமுன் விஎம்ஸ்டாட் கோப்பில் வொர்க்கிங்செட் ரீஃபால்ட் வரிகளைப் பாருங்கள். அந்த எண்கள் ஏறவில்லை என்றால் 60ஐ அப்படியே விட்டுவிடுங்கள்.