பிரேக் போட மறந்த ஸ்விட்ச்

சி மொழியின் ஸ்விட்ச் எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டே குறை சொல்கிறேன். ஒரே மாறியை இஃப், எல்ஸ் இஃப் என்று பத்துத் தடவை விசாரிப்பதைவிட, ஒருமுறை கேட்டுவிட்டு நேரே உரிய இடத்துக்குப் போவது படிக்கவும் இதம், இயந்திரத்துக்கும் லாபம். கேஸ் எண்கள் நெருக்கமாக இருந்தால் கம்பைலர் அவற்றைத் தாவல் அட்டவணையாக்கிவிடும். இருநூறு கேஸ் இருந்தாலும் ஒரே தாவல்தான்.

உள்ளே போவதில் சிக்கல் இல்லை, வெளியே வருவதில்தான். ஒருமுறை பேருந்துக் கட்டண நிரல் எழுதினேன். கேஸ் 1 மாணவர், தள்ளுபடி 50. அதன் கீழே கேஸ் 2 மூத்த குடிமக்கள், தள்ளுபடி 30. முதல் கேஸின் முடிவில் பிரேக் போட மறந்துவிட்டேன். மாணவர் வந்தார், 50 வாங்கினார், அப்படியே வழுக்கி அடுத்த கேஸில் விழுந்து 30-உடன் வெளியேறினார். கம்பைலர் வாயே திறக்கவில்லை. நான் மூத்த குடிமக்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தேன்!

இந்த வழுக்கலை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. 1983-இல் டாம் டஃப் ஒரு சுற்றின் நடுவில் கேஸ்களைச் செருகி, தரவு நகலெடுப்பை வேகப்படுத்தினார். அழகான குறும்பு. ஆனால் அன்றாட நிரலில் அதற்கு எவ்வளவு தேவை? சன் நிறுவனத்தின் சி கம்பைலர் முன்பகுதியில் இருந்த 244 ஸ்விட்ச்களை அலசிய பீட்டர் வான் டெர் லிண்டன், கேஸ்களில் 3 விழுக்காடே வழுக்கலை நம்பியிருந்ததாக 1994-இல் எழுதினார். அந்த மூன்றுக்காக மீதி 97-க்கும் நாம் பிரேக் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பிரேக் போட்டாலும் தப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்ட் டியின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு சுமார் 9 மணி நேரம் முடங்கியது. அங்கே குற்றவாளி, எழுதப்பட்டிருந்த பிரேக். இஃப் பகுதியைத் தாண்டிப் போகும் என்று நினைத்துப் போட்டது, சுற்றியிருந்த ஸ்விட்சையே விட்டு வெளியேறியது.

பின்னால் வந்த மொழிகள் பாடம் படித்தன. கோ, ஸ்விஃப்ட் இரண்டிலும் வழுக்கல் வேண்டுமென்றால் ‘ஃபால்த்ரூ’ என்று எழுதிக் கேட்க வேண்டும். ஜாவா 2020-இல், வழுக்காத அம்புக்குறி கேஸை நிலையாக்கியது.

ஆனால் பிரேக்கைவிட நான் அதிகம் பயப்படுவது, எந்தக் கேஸிலும் சேராததை ஏற்கும் டிஃபால்ட்டுக்குத்தான். வழுக்கல் ஒரு நாள் கண்ணில் படும். டிஃபால்ட் நல்ல பிள்ளைபோல் எதையும் விழுங்கிக்கொள்ளும். என் நிரலில் பிறகு மாற்றுத்திறனாளிகள் என்ற வகையைச் சேர்த்தார்கள். அதற்கொரு கேஸ் எழுத யாருக்கும் தோன்றவில்லை. டிஃபால்ட் அவர்களிடம் முழுக் கட்டணம் வசூலித்தது. ரஸ்ட்டின் மேட்ச், ஒரு வகை விடுபட்டாலே கம்பைல் ஆகாது. அங்கேயும் சோம்பேறித்தனமாக, எதற்கும் பொருந்தும் ஓர் அடிக்கோட்டைப் போட்டு வைத்தால் பழைய மௌனம்தான்.

இப்போது என் டிஃபால்ட்டில் கட்டணம் எதுவும் இல்லை. ‘அறியாத பயணி வகை’ என்று ஒரு பிழைச் செய்தி, அவ்வளவுதான்.