திரைக்குள் ஒரு நெய்தல்

திரை என்னும் சொல்லுக்கு அலை என்பதும் பொருள். மறைப்பாகத் தொங்கவிடும் சீலை என்பதும் பொருள். சென்ற நூற்றாண்டிலே படங்காட்டும் வெண்சீலைக்கும் அச்சொல்லே பெயராயிற்று. இன்று கையடக்கக் கருவியின் ஒளிரும் முகமும் திரையே. ஒரு திரையினுள்ளே மற்றொரு திரை வந்து மணலில் மோதும் விந்தையைக் காட்டுவது ‘அனிமல் குறோசிங்: நியூ ஹொறைசன்ஸ்’ என்னும் யப்பானிய விளையாட்டு. நின்டெண்டோ நிறுவனம் 2020 மார்ச் 20 ஆந் திகதி இதனை வெளியிட்டது. முதல் ஆறு வாரங்களுள் 1 கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின. பின்னர் அத்தொகை 4 கோடியைக் கடந்தது. போரும் வேட்டையும் வெற்றி தோல்வியும் இல்லாத ஒன்றை இத்துணைப் பேர் விரும்பியது எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே. இதனைப் பிள்ளை விளையாட்டென ஒதுக்குவாரும் உளர். பிள்ளை விளையாட்டேயாயினும், சிற்றிலையும் சிறுசோற்றையும் பாடுபொருளாகக் கொண்ட மொழியினர்க்கு அஃது ஒதுக்கற்பாலதன்று.

இவ்விளையாட்டின் கதை மிகச் சிறிது. ஆடுபவர் ஆளரவமற்ற தீவொன்றிற் சென்று குடியேறுகின்றார், கூடாரம் அடிக்கின்றார், பழம் பறிக்கின்றார், தூண்டில் இடுகின்றார், கரையிலே சிப்பி பொறுக்குகின்றார். மனிதரைப் போலப் பேசும் விலங்குகள் பத்து வரை அயலவராக வந்து சேர்கின்றன. ஆடுபவர் வீட்டுக் கடிகாரமும் தீவின் கடிகாரமும் ஒன்றே. வெளியே நள்ளிரவெனின் அங்கும் நள்ளிரவு, கடை சாத்தியிருக்கும், அயலவர் உறங்குவர். வேறு வீடுகளிலும் வேறு நாடுகளிலும் இருந்து ஆடுவோர், எண்மர் வரை, ஒரு தீவிலே ஒரு வேளையிற் கூடலாம். கூடியவர் பழம் மாற்றுவர், தளபாடம் கொடுப்பர், ஒருவர் முற்றத்தை மற்றவர் பார்த்து வியப்பர். முடிவென்று சொல்லத்தக்க ஒரு கட்டம் இவ்விளையாட்டில் இல்லை.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், ஆங்குத் தோன்றும் மரம், புள், உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், அவ்விடத்து வாழ்வார் நெஞ்சின் நிகழ்ச்சியை உரிப்பொருள் என்றும் வகுப்பது தொல்காப்பிய மரபு. இம்மூன்றனுள் உரியே உயிரானது. ஏனைய இரண்டும் அதற்கு இடமும் துணையுமாய் நிற்பன. நெய்தலுக்கு உரி இரங்கல். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்துத் திரைத்தீவின் இயல்பு ஒருவாறு புலனாகும். அங்கே முதற்பொருள் குறைவின்றி அமைந்துள்ளது. கருப்பொருளோ மிகுதி: 80 வகை மீன், நண்டு, சங்கு, தென்னை, மணலிற் புதைந்த மட்டி. உரியைத் தேடினாலோ கை வறிதே மீள்கின்றது. கடலுக்குச் சென்று மீளாதவர் அங்கு எவருமிலர். அயலவருள் ஒருவர் ஊரைவிட்டுப் போக விரும்பினும், ஆடுபவரிடம் விடை கேட்பர். ‘போகாதே’ என்றாற் போகார். பிரிவைக்கூடக் கேட்டுப் பெறவேண்டிய ஊரில் இரங்கலுக்கு இடமேது?

திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிக்கு அப்பால், சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாகக் கிடக்கும் சல்லியை அறிந்தார்க்கு இக்குறை எளிதில் விளங்கும். சல்லி, முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற மீனவர் கிராமம். (சல்லி என்பது சில்லறைக் காசையும் குறிக்கும், திரைத்தீவின் நாணயத்துக்கு ‘மணி’ என்பது பெயர். ஊர்ப்பெயரையும் காசையும் முடிச்சிடவேண்டுவதில்லை. ஒலியொப்புமை சுவையாயிருத்தலின் ஈண்டுச் சுட்டப்பட்டது.) போர்க்காலத்திலே இக்கரையில் இரவிற் கடலுக்குச் செல்வதற்கும் தடையிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலை எழுந்த ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் தாக்கிற்று; அன்று இலங்கை முழுவதிலும் மாண்டோர் 30,000-க்கு மேற்பட்டோர். இவற்றையறிந்த கண்ணுக்குத் திரைத்தீவின் கடல் வேறொரு பொருளாகவே தோன்றும்.

சுறாவை எடுத்துக்கொள்க. குறுந்தொகையின் 269 ஆம் பாட்டிலே, சுறா எறிந்த புண் ஆறியதும் தந்தை மீண்டும் பெருங்கடல் புகுந்த செய்தி வருகின்றது. தாயோ உப்பைக் கொடுத்து வெண்ணெல் மாற்றுதற்கு உப்பு விளையும் இடத்துக்குச் சென்றுவிட்டாள். வீடு காவலின்றி இருக்கின்றது. தலைவன் வருதற்கு இதுவே தக்க வேளை. புண்ணும் பண்டமாற்றும் காதலும் ஒரு சிறு பாட்டினுள்ளே ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. திரைத்தீவிலும் சுறா உண்டு. முதுகுச் செட்டை நீரின்மேல் தோன்றும். தூண்டில் எறிந்தாற் சிக்கும். தவறினால் நீந்திப் போய்விடும். பெருவெண்சுறாவின் விலை 15,000 மணி. அதனாற் புண்பட்டவர் ஒருவருமிலர். புண்படாமையைக் குறையென்று சொல்லலாமா எனின், இளைப்பாற வந்தவனைச் சுறா கடிக்கவேண்டுமென்று எவரும் கேட்கமாட்டார். கேட்கவேண்டிய கேள்வி வேறு. புண்ணை நீக்கியபோது அதனோடு சேர்ந்து நீங்கியவை எவை?

நீங்கியவற்றுள் தலையாயது மீனின் அழிவு. திரைத்தீவில் மீன் அழுகுவதில்லை. இன்று பிடித்த பாரையைப் பையிலே வைத்து அடுத்த ஆண்டு விற்கலாம், விலை குறையாது. மெய்யான கரையில் அவ்வாறன்று. வெப்பநாட்டுக் கரையிலே மீன் ஒரு பகலைத் தாங்குதல் அரிது. கரைவலை ஏறியதும் விலை பேசவேண்டும்; பங்கு பிரிக்கவேண்டும்; கயிற்றிற் கைவைத்து இழுத்தவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்கவேண்டும். மிஞ்சிய சூடையும் கீரியும் உப்பிலும் வெயிலிலும் கிடந்து கருவாடாகும். கரையூரிற் கொடையும் கூட்டும் வளர்ந்தமைக்கு மக்களின் நற்குணம் மட்டும் காரணமன்று. வைத்துக்கொள்ள முடியாத பொருளைக் கையில் வைத்திருந்தமையும் காரணம். 2020 ஒக்டோபரிற் பேலியகொடை மீன்சந்தையிலிருந்து நோய் பரவியபோது மக்கள் மீனை அஞ்சி ஒதுக்கினர். முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையிற் பச்சை மீனைக் கடித்துக் காட்ட நேர்ந்தது. நகைப்புக்குரியதாயினும், விலைபோகாத மீனின் அவசரம் அக்கடியிலே தெரிந்தது.

கடன் வகையில் இவ்விளையாட்டு உண்மைக்கு அணித்தே செல்கின்றது. ஆக்கியோர் அதனை உணர்ந்தே செய்தனரோ என்பது ஐயம். தீவின் முதலாளியாகிய நூக், வீடு கட்ட 98,000 மணி கடன் தருகின்றார், வட்டியில்லை, தவணையில்லை. பலர் அவரது பெருந்தன்மையைப் பாராட்டுவர். ஆனால் ஆடுபவர் பிடித்த மீனையும் பறித்த பழத்தையும் நாளும் வாங்கும் கடை, அவர் பெயரிலேயே அவருடைய பிள்ளைகள் போன்ற இருவர் நடத்தும் கடை. கடன் கொடுத்த வீடே விலையும் சொல்கின்றது. முதலாளியிடம் முற்பணம் பெற்ற மீனவன், மீனையும் அவரிடமே கொடுக்கவேண்டிய கட்டு நம் கரைகளில் நெடுங்காலமாய் உள்ளதே. அக்கடனுக்கும் வெளிப்படையான வட்டி இராது. மீனின் விலையிலே மறைந்து நிற்கும். திரைத்தீவில் அம்மறைவு இல்லையென்பது மெய். கடையின் விலை எல்லார்க்கும் ஒன்றே. எனினும் அமைப்பு ஒன்றாயிருத்தல் நோக்கற்பாலது.

அழியாப் பொருள்கள் நிறைந்த அத்தீவில் அழியும் பொருள் ஒன்றுண்டு. விளையாட்டு முழுவதிலும் நுட்பமான அமைப்பு அதுவே. ஞாயிறு காலையிற் பன்றிக்குட்டியொருத்தி தலையிலே டர்னிப் கிழங்கு சுமந்து விற்று வருவாள். விலை 90 முதல் 110 மணி வரை. கடையில் அதனை விற்கும் விலையோ திங்கள் முதற் சனி வரை நாளுக்கு இருமுறை மாறும். சிலவேளை ஐந்நூறையும் கடக்கும். பலவேளை வாங்கிய விலையினும் தாழும். அடுத்த ஞாயிறு வந்தாற் கிழங்கு அழுகிவிடும். யப்பானிய மொழியிற் ‘கபு’ என்பது இக்கிழங்குக்கும் பெயர்; வணிகப் பங்குக்கும் பெயர். ஆதலின் இது பங்குச்சந்தையை எள்ளும் சிலேடை என்பர். சிலேடை இருக்க, அதன் விளைவே பெரிது. தன் தீவில் விலை தாழ்ந்திருக்கும்போது சனி நெருங்கினால், ஆடுபவர் பிறர் தீவை நாடியே ஆகவேண்டும். விலையுயர்ந்த தீவினர் வாயிலைத் திறந்துவைப்பர். முன்பின் அறியாதாரும் கிழங்கு சுமந்து வருவர். விற்றபின் ஒரு பழமோ ஒரு பூவோ ஒரு பை மணியோ வைத்துப் போவர். அப்படி வைக்குமாறு விளையாட்டு விதிக்கவில்லை, வழக்கமாய் எழுந்தது. ஆடுவோர் நடுவே மெய்யான பகிர்வு மிகுந்து தோன்றியது இவ்வழுகும் கிழங்கைச் சுற்றியே என்பது தற்செயலன்று.

பழத்தைப் பற்றியும் சிறிது கூறலாம். அப்பிள், தோடை, பேரி, பீச், செரி ஆகிய ஐந்தனுள் ஒன்றே ஒரு தீவுக்குரியது. தன் தீவுப் பழத்துக்கு விலை 100 மணி. பிற தீவுப் பழத்துக்கு 500. தன்னிடம் மலிந்தது தனக்கு எளிது, பிறனுக்கு அரிது என்னும் பண்டமாற்றின் அடிப்படை இது. உமணர் மகள் உப்பையும் நெல்லையும் ஒத்த அளவாகக் கூறித் தெருவில் விற்று வரும் காட்சியை அம்மூவனார் அகநானூற்றில் இருமுறை பாடியுள்ளார். பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல்லோடு மீண்ட படகுகள் வருகின்றன. அம்மூவனாரின் 390 ஆம் பாட்டில், உப்பின் விலை கேட்பவன்போல் வழிமறித்தவன் உண்மையிற் கேட்பது வேறொன்றன் விலையை. விலைபேசல் அங்கே உறவுபேசலாக மாறுகின்றது. கிழங்கு விற்க வந்தவர் பலர் நண்பராய் நிலைத்ததும் அவ்வகையினதே.

பொருளை அழியவிட்டாற் போதும், உறவு தானே விளையும் என்று இதனாற் கொள்ளுதல் பிழையாகும். 2009 இல் வந்து 2020 டிசம்பர் 31 இல் மூடப்பட்ட ‘ஃபார்ம்வில்’ விளையாட்டிலும் வேளைக்கு அறுக்காத பயிர் வாடிற்று. அவ்வாட்டம் ஆடுவோரைத் திரும்பத் திரும்ப இழுத்துவரும் தூண்டிலாகவே பயன்பட்டது. அங்கு அனுப்பப்பட்ட ‘பரிசு’ பெரும்பாலும் பதிற்பரிசுக்கான நச்சரிப்பு.

இனி, உரிப்பொருளுக்கு மீள்வோம். இவ்வரிசையின் முதல் விளையாட்டு 2001 ஏப்பிரலில் ‘டோபுட்சு நோ மோரி’, விலங்குகளின் காடு, என்னும் பெயரில் வந்தது. அதனை ஆக்கியோருள் முதல்வரான கட்சுயா எகுச்சி, சீபாவிற் குடும்பத்தையும் நண்பரையும் விட்டுத் தொழிலுக்காகக் கியோட்டோ சென்றவர். அப்பிரிவின் வெறுமையே விளையாட்டுக்கு வித்து என அவரே கூறியுள்ளார். வேலை முடிந்து வீடு சேரும்போது இரவு நீண்டுவிடும். பிள்ளைகள் ஆடி முடித்திருப்பர். அவர்கள் விட்டுச்சென்ற ஊரிலே தந்தை பின்னர் ஆடுவார் என்னும் எண்ணமும் அதிற் கலந்தது. பொருள்வயிற் பிரிந்தவன் உள்ளத்திற் பிறந்த ஊர் அது. இரங்கல் தீவினுள்ளே இல்லை. தீவை ஆக்கினார் நெஞ்சில் இருந்தது.

ஆடினார் நெஞ்சிலும் இருந்தது. விளையாட்டு வெளிவந்த அதே நாளில், 2020 மார்ச் 20 ஆந் திகதி மாலை 6 மணிக்கு, இலங்கை முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உலகின் பல நாடுகளும் அக்காலத்தே அடைந்து கிடந்தன. மண்டபத்தில் நடைபெறமுடியாத திருமணங்களைச் சிலர் திரைத்தீவிற் கூடி நிகழ்த்தினர். இறந்தார்க்கு அங்கே நினைவிடம் சமைத்தனர். வெறுமையாய் விடப்பட்ட உரியின் இடத்தை ஆடியவரே தம் பிரிவாலும் துயராலும் நிரப்பினர். கலைஞன் விட்ட வெற்றிடம் குறையாகவும் இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம். இவ்விளையாட்டில் அஃது இரண்டுமாய் இருக்கின்றது. அடைபட்ட காலம் நீங்கியபின் பலருடைய தீவுகளிற் களை மண்டியதற்கும் காரணம் இதுவே. தாம் கொண்டுசென்ற உரியைத் தம்மோடு எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பிவிட்டனர்.

தமிழ்ச் சிற்றில் இவ்வாறு வெறுமையாய் விடப்படுவதில்லை, அது சிதைக்கப்படும். அலை வந்து அழிக்கும். அன்றேல் ஒருவன் காலால் அழிப்பான். கலித்தொகையில் மணற்சிற்றிலை மிதித்தவனே பின்னொருநாள் நீர் வேண்டி வாயிலில் நிற்கின்றான். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுவதும் சிதைக்கவேண்டாம் என்னும் வேண்டுகோள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அது தனியொரு பருவம். சிதைப்பவன் பகைவனல்லன் என்பதை இம்மரபு முழுவதும் அறிந்திருந்தது.

திரைத்தீவின் அலை எதையும் அழிப்பதில்லை. சிப்பியையும், கடிதம் அடைத்த போத்தலையும் நாள்தோறும் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் தொழில். எனினும் விதிகளின் மூலையொன்றில் ஒரு நுணுக்கம் உள்ளது. பிறர் தீவுக்குச் சென்றவர் அங்கே மண்வெட்டியையும் கோடரியையும் எடுத்தல் இயலாது. தீவுக்குரியவர் ஒருவரை உற்ற நண்பரெனப் பெயர் குறித்து ஏற்றுக்கொண்ட பின்னரே, அந்நண்பர் அத்தீவின் மண்ணை அகழலாம், மரத்தை வீழ்த்தலாம்.