கழுதையும் ஊமைப் பெண்ணும்

இயக்குநர் ஜான் ஆபிரகாம் என்று பேச்செடுத்தாலே குடி, நாடோடி வாழ்க்கை, 1987இல் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்தது என்று கதைகள்தான் முந்திக்கொண்டு வருகின்றன. காசில்லாமல் படமெடுத்தார் என்பதையே பாராட்டாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சலுகை அவருக்குத் தேவையில்லை.

1977இன் சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்ற ‘அக்ரஹாரத்தில் கழுதை’யில் குறைகள் உண்டு. தாயை இழந்த கழுதைக்குட்டியை வளர்த்துக் கல்லூரியில் கேலிக்கு ஆளாகும் பேராசிரியராக நடித்திருப்பவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அவருடைய முகத்தில் இருக்கும் கனிவு பேச்சில் இல்லை. வசனங்கள் ஒப்பிப்பதுபோல் விழுகின்றன. அக்ரஹாரத்து ஆண்களில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய முடியவில்லை. இதற்குப் பணத்தட்டுப்பாட்டைக் காரணம் சொல்ல முடியாது. பாத்திரங்களை எழுதியதிலேயே உள்ள குறை இது.

ஆனால் பேராசிரியரின் சொந்த ஊர் அக்ரஹாரத்தில் ஊமைப் பெண் உமாவிடம் குட்டி வந்து சேர்ந்ததும் படம் நிமிர்ந்துவிடுகிறது. அவளுக்கு இறந்து பிறந்த சிசு கோயிலருகே கிடக்க, பழி கழுதைமேல் விழுகிறது. ஊர் கூடி அதை அடித்துக் கொல்கிறது. அதன்பின் ஊரில் நல்லது நடக்கத் தொடங்கியதும், அடித்த கைகளே கும்பிடுகின்றன. கழுதைக்குக் கோயில் கட்டப் பேச்சு எழுகிறது. ஒருவரும் வருந்தவில்லை, திருந்தவில்லை. நேற்றுவரை பயம், இன்று ஆதாயம், அவ்வளவுதான். இதை யார் வாயாலும் விளக்கவைக்காமல் விட்டதில் ஜானின் துணிச்சல் தெரிகிறது. பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோனின் ‘பல்தசார்’ படத்தில் கழுதை புனிதமாகிறது. ஜானோ அந்தப் புனிதத்தையே கூண்டில் ஏற்றுகிறார். பிரெஸ்ஸோனின் நிழல் என்று இந்தப் படத்தை ஒதுக்குபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

முடிவில் அக்ரஹாரம் தீக்கிரையாவது எனக்கு உடன்பாடில்லை. அதிலுள்ள ஜானின் கோபம் நியாயமானது. ஆனால் கும்பிட்ட கைகளைக் காட்டியபோதே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. தீ அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

ஒடேசா என்ற திரைப்பட அமைப்பு ஊர் ஊராக மக்களிடம் பணம் திரட்டி எடுத்த ‘அம்ம அறியான்’ (1986) படத்தையே அவரது உச்சம் என்பார்கள். படமெடுக்கும் முறையில் அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் நண்பனின் சாவை அவன் தாயிடம் சொல்லப் போகும் அந்த நெடும்பயணத்தில், வழியில் சேர்ந்துகொள்ளும் இளைஞர்கள் பலர் முகமற்ற கூட்டமாகவே நடக்கிறார்கள். உமாவுக்கு இணையாக ஓர் ஆள் அதில் இல்லை. குறைகளோடு சேர்த்தே சொல்கிறேன், ஜானின் சிறந்த படம் கழுதைதான்.